ஹார்ட்விக் ஹால்: வெளிச்சத்துக்காகக் கட்டிய வீட்டில் ஏன் இத்தனை இருட்டு?

மலைச்சாரல்:

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை டார்பிஷயரில் இருக்கும் ஹார்ட்விக் ஹாலைப் பார்த்துவிட்டு வந்தேன். எம்1 நெடுஞ்சாலையில் போகும்போது குன்றின் மேல் ஆறு கோபுரங்களோடு ஒரு வீடு தெரியும், அதுதான். ஐந்து வருடமாகக் காரில் கடந்து போயிருக்கிறேன். இறங்கி உள்ளே போனது இதுதான் முதல் முறை.

வெளியே நின்று பார்த்தால் சுவரே கண்ணில் படவில்லை, எல்லாம் ஜன்னல். "ஹார்ட்விக் ஹால், சுவரைவிடக் கண்ணாடி அதிகம்" என்று அந்த ஊர்ப்பக்கம் ஒரு பழைய சொலவடை உண்டாம். மேகம் விலகியதும் மேற்கு முகம் மொத்தமும் ஒரே நேரத்தில் மின்னியது. கோபுர உச்சிகளில் ஈ, எஸ் என்று இரண்டு பெரிய எழுத்துகளைக் கல்லில் வெட்டி வானத்துக்கு எதிரே நிறுத்தியிருக்கிறார்கள். எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்ற பெயரின் முதல் எழுத்துகள். 1597-இல் குடியேறிய அந்த அம்மாளின் கையெழுத்து இன்னும் பல மைல் தூரத்துக்குத் தெரிகிறது.

உள்ளே போனதும்தான் எனக்கு மனசு சுருங்கிவிட்டது. ஜன்னல்களில் பாதிக்கு மேல் திரை இறக்கியிருக்கிறார்கள். மேல்மாடி நீள்கூடம் 162 அடி நீளம். அதன் கோடியில் தொங்கும் ஓவியத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்றே புரியவில்லை. வெளிச்சத்தை அள்ளிக் குடிக்கக் கட்டிய வீட்டில் வெளிச்சத்துக்கே தடை போட்டுவிட்டு அதைப் பாதுகாப்பு என்று சொல்கிறார்கள். இது சரியா? கட்டடத்தைப் பாதுகாக்கிறார்களா, அதற்குள் இருக்கும் பொருளையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்தச்சன்:

நல்ல கேள்வி. முதலில் கட்டடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் சிவில் இன்ஜினியர், இந்த வீட்டை நான்கு தடவை பார்த்திருக்கிறேன்.

இதை வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்றுதான் எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். லாங்லீட் மாளிகையில் வேலை பார்த்தவர், நாட்டிங்ஹாமில் இருக்கும் வொல்லட்டன் ஹாலும் அவருடையதே. அடிப்படையில் அவர் ஒரு கல்தச்சர். அதனால்தான் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். (என் புனைபெயருக்கும் அவர்தான் காரணம்.)

வெளிச்சுவரில் இவ்வளவு கண்ணாடி வைத்தும் நானூறு வருடமாக வீடு எப்படி நிற்கிறது? வழக்கமாக இந்த நாட்டில் அடுப்பும் புகைபோக்கியும் வெளிச்சுவரோடு ஒட்டி இருக்கும். இங்கே புகைபோக்கிகளில் பெரும்பகுதியை உள்ளே ஓடும் தடித்த சுவருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பாரம் தாங்குவதும் புகையை வெளியேற்றுவதும் உள்சுவரின் வேலையாகிவிட்டது. வெளிச்சுவர் விடுதலையாகி ஜன்னலாக மாறியது. போதாததற்கு ஆறு கோபுரங்களும் சுவரிலிருந்து துருத்திக்கொண்டு முட்டுக்கொடுக்கின்றன.

அப்புறம் மாடிகளின் உயரத்தைக் கவனித்தீர்களா? கீழ்த்தளத்து ஜன்னல் குட்டை, நடுத்தளத்தில் கொஞ்சம் உயரம், மேல்தளத்தில் ராட்சத உயரம். கீழே வேலைக்காரர்கள், நடுவில் குடும்பம், மேலே ராணியே வந்தாலும் உட்கார வைக்கக்கூடிய சபை அறைகள். யார் எங்கே இருந்தார்கள் என்பதை வெளியே இருந்தே படித்துவிடலாம். ராணி முதலாம் எலிசபெத் கடைசிவரை வரவே இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் எல்லா ஜன்னலும் நிஜ ஜன்னல் இல்லை. சமச்சீர் கெடக்கூடாது என்பதற்காகச் சில இடங்களில் கண்ணாடிக்குப் பின்னால் சுவரோ புகைபோக்கியோ இருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை இந்த வீட்டின் உண்மையான புரட்சி முன்கூடம். அதுவரை ஆங்கில வீடுகளில் பெருங்கூடம் முகப்புக்கு இணையாக நீளவாட்டில் கிடக்கும். ஒரு ஓரத்தில் நுழைந்து திரும்பித்தான் போகவேண்டும். ஸ்மித்சன் அதைத் திருப்பி, முன்வாசலிலிருந்து பின்பக்கம் வரை குறுக்காக வைத்தார். நேராக உள்ளே நுழைகிறோம், வீடு இரண்டு பக்கமும் சரிசமமாக விரிகிறது. எஜமானர் உட்கார்ந்து சாப்பிடும் இடமாக இருந்த கூடம் இங்கே வந்துபோகும் வாசலாக மாறத் தொடங்கியது.

இளவேனில்:

நான் ஒரு யூடியூப் காணொளியில் பார்த்தேன். அந்தக் காலத்தில் ஜன்னலுக்கு வரி இருந்தது, பணத்திமிரைக் காட்டத்தான் இவ்வளவு ஜன்னல் வைத்தார் என்று சொன்னார்கள். உண்மையா?

கல்தச்சன்:

ஜன்னல் வரி வந்தது 1696-இல், 1851-இல் எடுத்துவிட்டார்கள். பெஸ் (இந்த வீட்டைக் கட்டிய எலிசபெத் ஷ்ரூஸ்பரியின் சுருக்கப் பெயர்) இறந்தது 1608. அவர் ஒரு பென்னிகூட ஜன்னல் வரி கட்டியிருக்க முடியாது. கண்ணாடியே விலை உயர்ந்த பொருள் என்பது மட்டும் சரி. கண்ணாடி, கல், மரம், ஈயம் எல்லாவற்றுக்கும் அவர் தன் சொந்த நிலத்தையும் பட்டறைகளையுமே பெரும்பாலும் நம்பினார். மணற்கல் இந்தக் குன்றிலேயே வெட்டியது. கணக்குப் பார்த்துச் செலவு செய்தவர். திமிர் என்ற ஒரு சொல்லில் அவரை அடக்கிவிட வேண்டாம்.

பழைய ஏடு:

கல்தச்சன் சொன்னதை வழிமொழிகிறேன். பெஸ்ஸின் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் மலைச்சாரலின் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

அவர் பிறந்தது இதே ஹார்ட்விக்கில், பெரிய வசதி இல்லாத ஒரு நிலக்கிழார் குடும்பத்தில். நான்கு தடவை கல்யாணம். முதல் கணவர் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். இரண்டாமவர் வில்லியம் கேவெண்டிஷ். அவரோடு சேர்ந்துதான் சாட்ஸ்வொர்த் நிலத்தை வாங்கி அங்கே ஒரு மாளிகை கட்டினார், பிள்ளைகள் எல்லாம் அவருக்குப் பிறந்தவர்களே. மூன்றாமவர் வில்லியம் செயின்ட் லோ. நான்காமவர் ஷ்ரூஸ்பரி பிரபு, நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். ஸ்காட்லாந்து ராணி மேரியை 1569 முதல் பதினைந்து வருடம் காவலில் வைத்திருக்கும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அந்தச் செலவும் சந்தேகமும் சேர்ந்து குடும்பத்தையே பிளந்துவிட்டன.

கணவரோடு பிணங்கிப் பிறந்த ஊருக்குத் திரும்பிய பெஸ், 1587 வாக்கில் பழைய வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டத் தொடங்கினார். 1590-இல் ஷ்ரூஸ்பரி இறந்தார். விதவைப் பங்கு கைக்கு வந்தது. அதே வருடம், பழைய வீட்டு வேலை முடிவதற்குள்ளேயே, கூப்பிடு தூரத்தில் புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டார். அப்போது அறுபதைத் தாண்டிய வயது. ஏழு வருடத்தில் குடியேறிவிட்டார்.

சரி, இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். இந்த வீட்டை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தது சட்டம் இல்லை. யாரும் கண்டுகொள்ளாமல் விட்டதுதான் காப்பாற்றியது. பெஸ்ஸின் சந்ததியினர் டெவன்ஷயர் பிரபுக்களாகவும் பிறகு டியூக்குகளாகவும் உயர்ந்தார்கள். அவர்கள் விரும்பி வாழ்ந்தது சாட்ஸ்வொர்த்தில். 1687 முதல் அதை இடித்து இடித்துப் புதுப் பாணியில் கட்டினார்கள். பெஸ் கட்டிய சாட்ஸ்வொர்த்தை இன்று பார்க்க முடியாது. ஹார்ட்விக்கோ இரண்டாம் வீடாக ஒதுங்கிவிட்டது. யாருக்கும் அதைப் புதுப்பிக்கும் ஆசை வரவில்லை. 1601-இல் பெஸ் தன் உயிலோடு சேர்த்து எழுதிவைத்த பொருள் பட்டியல் இன்றும் இருக்கிறது. அதில் உள்ள மேசைகளும் சுவரில் மாட்டும் துணித் தொங்கல்களும் பல இன்னும் அதே வீட்டில் இருக்கின்றன.

அதனால் மலைச்சாரல், அந்த இருட்டு புதிது இல்லை. இந்த வீடு முந்நூறு வருடமாக அரைத்தூக்கத்தில்தான் இருந்தது.

மலைச்சாரல்:

பழைய ஏடு ஐயா, உங்கள் வாதம் படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் பக்கத்தில் நிற்கும் பழைய ஹாலை மறந்துவிட்டீர்களே? அதையும் போய்ப் பார்த்தேன். அதே அம்மாள், அதே கல், ஏறக்குறைய அதே வருடங்கள். அதையும்தான் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். இன்று கூரை இல்லை, தளங்கள் இல்லை. நாலாவது மாடி உயரத்தில் ஒரு கணப்பு அடுப்பும் அதற்கு மேல் சுதையில் செய்த இரண்டு பூதாகாரமான வீரர்களும் ஆகாயத்தைப் பார்த்தபடி நிற்கிறார்கள். புறக்கணிப்பு காப்பாற்றும் என்றால் அதை ஏன் காப்பாற்றவில்லை?

பழைய ஏடு:

ஏற்றுக்கொள்கிறேன், இது என் வாதத்தில் உள்ள ஓட்டை. பழைய ஹாலைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பகுதி பகுதியாகப் பிரித்துப் பொருள்களை எடுத்துவிட்டார்கள். இப்போது அது பழைய சின்னங்களைக் காக்கும் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. புது ஹாலைப் புதுப்பிக்காமல் விட்டார்களே தவிரக் கைவிடவில்லை. கூரையில் ஈயத்தகடு கிழியாமல் பார்த்துக்கொள்ள எப்போதும் யாராவது இருந்தார்கள். தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் 1679-இல் இறந்தது இந்த வீட்டில்தான். "பிரம்மச்சாரி டியூக்" என்று பெயரெடுத்த ஆறாம் டியூக் இந்த வீட்டின் பழமையில் மயங்கி, சாட்ஸ்வொர்த்திலிருந்து பழம்பொருள்களை இங்கே கொண்டுவந்து நிரப்பினார். 1858-இல் அவர் உயிர்விட்டதும் இங்கேதான். கூரை இருந்தவரை புறக்கணிப்பு நன்மை செய்தது என்று திருத்திக்கொள்கிறேன்.

கல்தச்சன்:

இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன். எந்தப் பழைய கட்டடத்திலும் முதலில் கூரையைப் பார், அப்புறம் தண்ணீர் வடியும் வழியைப் பார். மீதி எல்லாம் பிறகு.

சட்டத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். பாதுகாக்கவேண்டிய கட்டடங்களுக்கு இங்கே ஓர் அரசுப் பட்டியல் உண்டு, ஹார்ட்விக் அதில் முதல் தரம். இங்கிலாந்தின் பட்டியல் கட்டடங்களில் நூற்றுக்கு இரண்டரை மட்டுமே அந்தத் தரம். அனுமதி இல்லாமல் அதன் தன்மையை மாற்றும் எந்த வேலையும் செய்யக்கூடாது, செய்தால் குற்றம். அந்தப் பட்டியல் முறை இரண்டாம் உலகப்போரை ஒட்டி, 1944, 1947 சட்டங்களால் வந்தது. அது வந்த பிறகும் 1950-களில் பெரிய நாட்டுப்புற மாளிகைகள் வரிசையாக இடிபட்டன. 1974-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இடிந்த வீடுகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது என்றால் பாருங்கள். சட்டம் இடிப்பதைத் தடுக்கலாம், கூரைக்குப் பணம் கொடுக்காது.

பழைய ஏடு:

பணம் என்றதும் நினைவு வருகிறது. 1950-இல் பத்தாம் டியூக் திடீரென இறந்தார். சொத்தை முன்கூட்டியே மகன் பக்கம் மாற்றி வைத்திருந்தார், ஆனால் வரிவிலக்குக்குத் தேவையான ஐந்து வருடம் முடியச் சில வாரங்கள் இருந்தன. வாரிசு வரி 80 சதவீதம் விழுந்தது. அதை அடைக்கக் குடும்பம் விட்டுக்கொடுத்தவற்றில் ஹார்ட்விக்கும் ஒன்று. வீடு அரசின் கருவூலத்துக்குப் போய், 1959-இல் பழைய வீடுகளைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் வந்தது. சாட்ஸ்வொர்த்தைத் தக்கவைக்க ஹார்ட்விக்கைக் கொடுத்தார்கள். முன்பு சொன்ன இரண்டாம் வீட்டுக் கதை இங்கேயும் தொடர்கிறது.

ஊடைநூல்:

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். என் வேலை பழைய துணிகளைப் பழுது பார்ப்பது, அதனால் வெளிச்சக் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

மலைச்சாரல் அக்கா, நீங்கள் பார்த்த நீள்கூடத்தில் சுவர் முழுக்கத் தொங்குவது கிதியோன் கதை. பைபிளில் வருகிற அதே கிதியோன். மொத்தம் 13 சித்திரத் தொங்கல்கள், ஒவ்வொன்றும் சுமார் 20 அடி உயரம். ராணியின் அமைச்சராக இருந்த கிறிஸ்டோபர் ஹாட்டனுக்காக நெய்தவை. அவர் கடனில் இருந்தவர். பெஸ் இவற்றை ஹாட்டன் குடும்பத்திடமிருந்து 326 பவுண்டுக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கினார். துணியில் ஹாட்டனின் குலச்சின்னம் நெய்திருந்ததே, அதை மறைக்க ஆகும் செலவென்று 5 பவுண்டு குறைத்துக் கொடுத்தார். பிறகு தன் சின்னத்தைத் துணியில் வரைந்து அதன் மேல் ஒட்டித் தைத்தார்கள். ஹாட்டனின் அடையாளம் பெண்மான். பெஸ்ஸின் பக்கம் கலைமான். அதனால் பெண்மான்களுக்குக் கொம்பு வைத்துவிட்டார்கள்! இதைப் பார்க்கவென்றே நான் ஒரு முறை போனேன்.

இந்த வகைத் துணியில் படம் மேலே வரைந்தது இல்லை. தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலே படம். நிறம் மாறும் இடத்தில் ஊடை நின்று திரும்பும், அடுத்த நிறம் அங்கிருந்து தொடங்கும். தறியில் படத்தைப் பக்கவாட்டில் வைத்து நெய்வார்கள். தொங்கவிடும்போது துணி ஒரு கால் சுற்று திரும்புவதால் நீளவாட்டு நூலான பாவு படுக்கையாகவும் ஊடை செங்குத்தாகவும் வந்துவிடும். வலுவான பாவு சும்மா கிடக்க, மொத்தப் பாரத்தையும் மெல்லிய ஊடை தாங்குகிறது. நானூறு வருடமாக, இரவும் பகலும்.

அந்த ஊடையில் பட்டும் கம்பளியும் இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் முதலில் உதிர்வது பட்டு. இரும்புச் சத்து சேர்த்துச் சாயமேற்றிய பழுப்பும் கறுப்பும் தானாகவே பொடியாகும். மஞ்சள் சாயம் முதலில் வெளுக்கும், அதனால்தான் பழைய தொங்கல்களில் புல்லும் மரமும் நீலமாகத் தெரிகின்றன. நெய்தவர் நீல மரம் நெய்யவில்லை, மஞ்சள் போய்விட்டது.

கெட்டுப்போனதைத் தைத்துப் பிடிக்கலாம். போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர எந்த ஊசியாலும் முடியாது. இன்று பத்து நிமிடம் பட்ட வெயில் நேற்றுப் பட்ட வெயிலோடு கூடிக்கொண்டே போகிறது. அதனால்தான் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்குத் திரை இறக்குகிறார்கள். நீள்கூடம் வீட்டின் கிழக்குப் பக்கம் முழுக்க ஓடுகிறது. காலை வெயிலை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த 13 தொங்கல்களையும் பழுது பார்த்து முடிக்க 24 வருடம் ஆனது, 17 லட்சம் பவுண்டு செலவு. 1999-இல் தொடங்கிய வேலை, கடைசித் தொங்கல் 2023-இல்தான் சுவருக்குத் திரும்பியது. பெல்ஜியத்தின் மெச்சலன் நகருக்கு அனுப்பிக் கழுவி, நார்ஃபோக்கில் உள்ள நேஷனல் டிரஸ்டின் பணிக்கூடத்தில் தைத்தார்கள். தொடங்கிய போது ஊசி பிடித்த கை வேறு, முடித்த கை வேறு.

மலைச்சாரல்:

ஊடைநூல், கொம்பு வைத்த பெண்மான் என் கண்ணில் படவே இல்லை! அவ்வளவு மங்கலில் எப்படிப் படும்? அதைத்தான் நான் கேட்கிறேன். வெளுத்துவிடும் என்பது புரிகிறது. ஆனால் யாரும் பார்க்க முடியாத அளவுக்கு மங்கலில் இன்னும் நானூறு வருடம் இருப்பது யாருக்காக? நகல் செய்து மாட்டிவிட்டு, அசலைப் பெட்டியில் வைத்துவிட்டு, திரைகளை ஏற்றிவிடலாமே. ஸ்மித்சன் கட்டிய வீட்டை ஸ்மித்சன் நினைத்தபடி ஒரு தடவையாவது பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

இளவேனில்:

எனக்கும் இதுதான் தோன்றுகிறது. ஓவியம் என்றால் சரி, துணிக்காக வீட்டையே மூடி வைப்பது அதிகம்.

ஊடைநூல்:

"துணிக்காக" என்று பிரித்துச் சொல்வதில்தான் எனக்கு வருத்தம். இந்த வீட்டில் துணி அலங்காரம் இல்லை. பெஸ்ஸுக்குத் துணிதான் பெரிய சொத்து. தேவாலயப் பட்டாடைகளை வெட்டி ஒட்டிச் செய்த தொங்கல்கள் அங்கே இருக்கின்றன. புராண, சரித்திர காலத்துப் பெண்கள்: பெனலோப்பி, லுக்ரீஷியா, ஜெனோபியா, ஆர்ட்டிமீசியா. கணவன் வரும்வரை காத்திருந்து நெய்த பெனலோப்பி ஒரு பக்கம் பொறுமையையும் இன்னொரு பக்கம் விடாமுயற்சியையும் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு பெண் தன்னைப் பற்றி என்ன நினைத்தாள் என்பதைக் கோபுரத்து எழுத்துகளைவிட இந்தத் துணி அதிகம் சொல்கிறது. கிதியோன் தொங்கல்களின் அளவுக்கு ஏற்ற உயரத்தில்தான் அந்தக் கூடமும் இருக்கிறது. எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் நீளமான அறை.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். ஒன்பதாம் டியூக்கின் மனைவி ஈவ்லின். 1938-இல் விதவையான பிறகு ஹார்ட்விக்கில் வாழ்ந்தார், 1960 வரை இருந்த கடைசிக் குடியிருப்பாளர் அவர்தான். இந்தத் தொங்கல்களைத் தன் கையாலேயே தைத்துப் பழுது பார்த்தார். பழைய ஏடு ஐயா புறக்கணிப்பு என்றார், கல்தச்சன் அண்ணா கூரை என்றார். நான் ஈவ்லினின் ஊசியையும் சேர்க்கச் சொல்கிறேன்.

கல்தச்சன்:

ஊசியைச் சேர்த்தாயிற்று. ஆனால் நகல் விஷயத்தில் நான் மலைச்சாரல் பக்கம். எல்லா அறையிலும் வேண்டாம், ஒரே ஒரு அறையில் திரையை முழுக்க ஏற்றிக் காட்டலாம். ஜன்னல் வெறும் ஓட்டை இல்லை. அது எவ்வளவு வெளிச்சத்தை எவ்வளவு ஆழத்துக்கு உள்ளே அனுப்பும் என்று கணக்குப் போட்டவரின் வேலையை அப்போதுதான் பார்க்க முடியும். ஊடைநூல் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தெரியும், பரவாயில்லை.

ஊடைநூல்:

துணி இல்லாத அறையாக இருந்தால் ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. படிக்கட்டுப் பக்கமாகப் பாருங்கள்.

மலைச்சாரல்:

இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதுகிறேன். நேற்று திரும்பவும் போனேன், இந்த முறை உங்கள் எல்லோருடைய பதிவுகளையும் போனில் வைத்துக்கொண்டு.

கல் படிக்கட்டில் மெதுவாக ஏறினேன். அகலமான, தேய்ந்த படிகள் வீட்டுக்குள் வளைந்து வளைந்து போகின்றன. ஊடைநூல் சொன்னது சரி, அங்கே கல் மேல் வெளிச்சம் விழும் இடங்கள் இருக்கின்றன. முடிவில் ஒரு கதவு, அதற்குள் மேல் சபை அறை. சுவரின் மேல்பாதி முழுக்க ஏப்ரகாம் ஸ்மித் சுதையில் செய்து வண்ணம் தீட்டிய காடு. மரங்களுக்கு நடுவே வேட்டைத் தெய்வம் டயானா, அவளைச் சுற்றி மான்கள். கீழே கோரைப்பாய் விரித்திருக்கிறார்கள். கோரையின் வாசனை அறையைவிட்டு வெளியே வந்த பிறகும் மூக்கில் இருந்தது.

நீள்கூடத்தில் போனதும் ஓடாமல் அப்படியே நின்றேன். ஏழெட்டு நிமிடம் ஆனது, கண் பழகியது. போன முறை நான் அவ்வளவு நேரம் ஓர் இடத்தில் நிற்கவே இல்லை. அங்கிருந்த தன்னார்வலப் பெண்மணியிடம் கொம்பு வைத்த மானைப் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. ஒரு தொங்கலின் ஓரத்துக்கு அழைத்துப் போய், தன் நிழல் விழாமல் ஒதுங்கி நின்று காட்டினார். ஒட்டிய சின்னத்தின் துணி சுற்றியுள்ள நெசவைவிடக் கொஞ்சம் வழவழப்பாக, வேறு நிறத்தில் தெரிகிறது. மானும் இருக்கிறது, கொம்பும் இருக்கிறது.

நகல் பற்றிய என் எண்ணம் இன்னும் மாறவில்லை, ஊடைநூல். ஆனால் அந்த மானின் நகல் எனக்கு வேண்டாம்.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மேற்கு முற்றத்தில் நான்கைந்து பேர் காருக்குப் போகாமல் நின்றிருந்தோம். மேல்தளத்துக் கண்ணாடிகள் முதலில் சிவந்தன, பிறகு நடுத்தளம். உள்ளே திரை இறக்கியிருப்பது வெளியிலிருந்து தெரியவே இல்லை.